பித்தளை ஆணிகள்

காத்தோங்கில், கடலைப் பார்க்கவென்றே கட்டிய வீடு.
இன்று கடலுக்கும் அதற்கும் நடுவில்
ஒரு விரைவுச்சாலை, பதினெட்டு மாடி, ஒரு நாய்ப் பூங்கா.
பின்கட்டுப் படிகளுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.
அலைக்கு இறங்குவதாய் எண்ணிப்
புல்லில் போய் நிற்கின்றன.

சர்க்கரை வணிகர் ஒருவர்
சனி ஞாயிறு காற்றுக்காக எழுப்பியது.
அவர் நொடித்தபின் வாடகைக்கு வந்தவர்கள்
நாகரத்தினம், தில்லைநாயகி.
ஹேப்பி வோர்ல்ட் கொட்டகையில்
கணவன் மனைவியாகச் சண்டை போட்டே
புகழடைந்த கணவன் மனைவி.

எனக்கு அது வேலையில்லை.
ஈரமானி, லேசர் கருவி, கறையான் குத்தும் ஊசி,
அறைக்கொரு படிவம்:
நன்று, சுமார், மோசம்.

கூடத்தில் மண்டியிட்டிருந்த ஹஃபீஸின் முழங்காலில்தான்
முதலாவது தட்டுப்பட்டது.
செங்கால் மரப்பலகையில்
சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு பித்தளைத் தலை.
பிறகு தேடத் தேட,
ஜன்னலருகே இரண்டு, தூணருகே ஒன்று,
ஒன்பது.
"கம்பள ஆணி, கக்" என்றான்.
கம்பளம் இப்படியா கோணல்மாணலாக நடக்கும்?

பக்கத்து வீட்டு மிஸ் வெஸ்டர்ஹவுட்
வேலிக்கு மேலே ஒரு தட்டு சூஜி கேக்கை நீட்டிச் சொன்னார்:
அந்த அம்மாளுக்குக் கண்ணாடி இல்லாமல்
கை தூரம்கூடத் தெரியாது.
கண்ணாடியோடு மேடை ஏறவும் மாட்டாள்.
அவள் வெறுங்கால் தன் இடத்தைத் தானே கண்டுகொள்ள
அவர் அடித்த ஆணிகள் அவை.
கொட்டகையிலும் அதே கணக்கு, அதே தூரம்.

ராத்திரி ஒத்திகை என்றால்
தெருவே நாற்காலி தூக்கி வருமாம்.
புதிதாய் வந்த போலீஸ்காரர் ஒருமுறை
கொலை நடக்கிறதென்று ஓடி வந்து,
வாசலில் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு
மீதியையும் பார்த்துவிட்டுப் போனாராம்.

"ஒரு நாள் நிஜமாகவே சண்டை.
எங்களுக்கு எப்படித் தெரியும்?
அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு
பின்கட்டு வழியே இறங்கிப் போனபோது
நான்தான் முதலில் கைதட்டினேன்.
எனக்கு ஒன்பது வயது."

அதற்குப் பிறகும் ஒத்திகை நிற்கவில்லையாம்.
அவர் குரல் மட்டும்.
தன் வரியைச் சொல்வார், நிறுத்துவார்.
அவள் பேச ஆகும் நேரத்துக்குச் சரியாக
ஒரு இடைவெளி.
பிறகு, பதில் கிடைத்தவர்போல், கோபப்படுவார்.
எந்த இடைவெளி எவ்வளவு நீளம் என்று
இன்றைக்கும் சொல்வேன் என்றார் மிஸ் வெஸ்டர்ஹவுட்.
சொல்லவும் செய்தார்,
கேக் தட்டில் விரலால் தட்டித் தட்டி.

திரும்பி வந்து
பின்கட்டுக்குப் போகும் நடையை அளந்தேன்.
பலகை நன்று. கறையான் இல்லை.
பித்தளையும் இல்லை.
அவள் போன வழியை யாரும் ஒத்திகை பார்த்திருக்கவில்லை.
கடைசிப் படிக்கு முன் மட்டும்
பத்தாவதாக ஒன்று,
இரும்பு.
கைக்குக் கிடைத்ததை எடுத்து அடித்ததுபோல் சாய்ந்து,
துரு இறங்கி, சுற்றி ஒரு கையகலம்
மரம் கறுத்துக் கிடந்தது.

குறைபாடு என்ற பத்தியில் எழுதினேன்.
பரிந்துரை என்ற பத்தியில்
வழக்கமாக எழுதுவது "அகற்றிப் பலகை மாற்றவும்."
பேனா அங்கே கொஞ்ச நேரம் நின்றது.
"அகற்ற வேண்டாம்" என்று எழுதிவிட்டேன்.
காரணம் கேட்கும் பெட்டியில் ஒரு கோடு.

ஹஃபீஸை அந்த ஆணியருகே நிறுத்தி
வெள்ளை அட்டையைப் பிடிக்கச் சொன்னேன்.
நான் ஜன்னலடியில், முதல் பித்தளையில்.
சிவப்புப் புள்ளி கூடத்தைக் கடந்து
அவன் மார்பில் விழுந்து, நடுங்கி, அட்டைக்கு ஏறியது.
பதினொன்று புள்ளி நான்கு இரண்டு.

"நான் ஏதாவது சொல்லணுமா?" என்றான்.
வேண்டாம், ஆடாமல் நில், போதும்.

நின்றான்.
சாலையில் ஒரு லாரி போய் முடியும்வரை
நானும்.